குற்றம் எது?



தருமியின் பாடலில் நக்கீரர் கண்டது பொருட்குற்றம். கூந்தலுக்கு இயற்கை மணம் இல்லை என்று அதனைப் பெயர்சுட்டிக் கூறினார் என்பது திருவிளையாடற் கதை. குற்றம் எதுவெனச் சுட்டாமலே ஓர் ஆக்கத்தைத் தள்ளிவிடலாமா? இவ்வினா 1958இல் அமெரிக்காவின் சிகாகோவில் எழுந்தது.

வால்மீன் ஞாயிற்றை நெருங்கினும் நீங்கினும் அதன் வளிவால் ஞாயிற்றுக்கு எதிர்ப்புறமே நீளும். ஞாயிற்றினின்று இடையறாது புறப்படும் துகள்களே அதற்குக் காரணம் என 1951இல் ஜெர்மானிய அறிஞர் லுட்விக் பியர்மன் உரைத்தார். அத்துகள்கள் புறப்படும் வகையைக் கணக்கிட்டுக் காட்டியவர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் இளம் இயற்பியலார் யூஜின் பார்க்கர். ஞாயிற்றின் மேற்பரப்பு வெப்பம் ஏறத்தாழ 5,500 பாகை செல்சியசு. அதனைச் சூழ்ந்த ஒளிமகுடமோ பத்து லட்சம் பாகையையும் விஞ்சியது. அத்துணை வெம்மையுடைய வளியை ஈர்ப்பு விசை முற்றிலும் கட்டிவைக்க இயலாது. அது மெல்லக் கிளம்பி, தொலைவு கூடக் கூட விரைவு பெற்று, ஒலியின் விரைவையும் கடந்து பாயும் என்றார். அதற்குச் 'சூரியக் காற்று' என்று பெயரும் இட்டார்.

கட்டுரையை ஆய்ந்த வல்லுநர் இருவரும் ஏற்க மறுத்தனர். ஆயின், கணக்கில் பிழை எதனையும் அவர்கள் காட்டவில்லை. அந்த வானியற்பியல் இதழின் ஆசிரியர், சென்னையில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அக்கருத்து அவருக்கும் உவப்பாக இல்லை. எனினும், குற்றம் காணப்படாத கணக்கை விருப்பு வெறுப்பால் தள்ளுதல் முறையன்று எனக் கொண்டு அதனை வெளியிட்டார். 1935இல் இலண்டன் அவையில் எடிங்டனின் ஏளனத்துக்கு ஆளானவர் அல்லரோ அவர்!

1962இல் வெள்ளிக்கோளை நோக்கிச் சென்ற மாரினர் 2 விண்கலம், வழியெங்கும் அக்காற்று வீசக் கண்டது. நொடிக்கு 300 முதல் 800 கிலோமீட்டர் வரை அதன் விரைவு. அது விண்மீனிடை வெளியோடு முட்டி ஓயும் எல்லையை 2012இல் வாயேஜர் 1 கடந்தது. பார்க்கரின் பெயர் தாங்கிய கலம் 2018இல் ஏவப்பட்டபோது, 91 அகவையில் அவர் நேரில் கண்டு மகிழ்ந்தார். அக்கலம் 2021 ஏப்ரலில் ஒளிமகுடத்துள்ளேயே புகுந்தது. ஒளிமகுடத் துளைகளின் அடியில் காந்தப்புலக் கோடுகள் அறுந்து மீண்டும் இணைகையில் விரைகாற்றுக்கு உந்துவிசை கிடைக்கிறது என்பதற்கு அதன் அளவீடுகள் சான்று தந்தன. பார்க்கர் 2022இல் மறைந்தார்.

பத்தாண்டு நிறையும் இவ்விலக்கிய வட்டத்தில் புதுக்கவிதை ஒன்று அரங்கேறும் போதெல்லாம், மறுப்போர் குற்றத்தைச் சுட்டுக. சுட்ட இயலாதெனின் வழிவிடுக. நடுவுநிலை என்பது பிடித்ததைப் போற்றுவதன்று; பிடிக்காததற்கும் அவையில் இடம் தருவது.