தாமரை மாமாவும் அஜந்தாவும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுத்தில்.)



பி பிளாக் கீழ்த்தளத்தில், லிப்ட்டுக்குப் பக்கத்துச் சுவரில், கையில் தாமரையோடு ஒருவர் நிற்கிறாரே, அவரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பலர் அவரைக் கிருஷ்ணர் என்று நினைத்துக் கொண்டிருக்கிறீர்கள். என் பேரனுக்கு அவர் "தாமரை மாமா". அவர் பத்மபாணி. அஜந்தாவில் முதல் குகைச் சுவரில் இருக்கும் போதிசத்துவர். நம் கட்டடம் திறந்த சமயத்தில் ஒரு சைன்போர்டு ஓவியர் காலண்டர் படத்தைப் பார்த்து எனாமல் பெயிண்டில் வரைந்து கொடுத்தது. ஆக, நகலின் நகல்.

பெயிண்டிங் காண்ட்ராக்டர் கொடுத்த கொட்டேஷனில் அந்தச் சுவருக்கும் பட்டி பார்த்து இரண்டு கோட் அடிப்பதாக இருக்கிறது. பொருளாளராக அதில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். மறைக்கவில்லை. வங்கியில் முப்பத்தைந்து வருஷம் ஜெராக்ஸ் நீட்டியவர்களிடம் "ஒரிஜினல் எங்கே?" என்று கேட்டே பழகிய கை, நகல்தானே என்று போட்டுவிட்டது. அதன் பிறகுதான் அஜந்தா நகல்களின் கதையைப் படித்தேன்.

1819-இல் மதராஸ் படையைச் சேர்ந்த ஜான் ஸ்மித் என்ற அதிகாரி வேட்டைக்குப் போன இடத்தில் அந்தக் குகைகளைக் கண்டார். கண்டவர் சும்மா வரவில்லை, பத்தாம் குகையில் தன் பெயரைக் கீறிவிட்டு வந்தார். லிப்ட்டுக்குள் சாவியால் பெயர் எழுதும் நம் பிள்ளைகளை நினைத்துக் கொண்டேன்.

அதே மதராஸ் படையிலிருந்து ராபர்ட் கில் என்பவரை 1844-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பியது. சுவரோவியங்களை எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுக்க வேண்டும் என்பது உத்தரவு. காடு, காய்ச்சல், இருட்டுக் குகை. ஏறக்குறைய இருபது வருஷம் அந்த வேலையில் கழிந்தது. லண்டனுக்குப் போன படங்கள் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சிக் கூடத்தில் தொங்கின. 1866 டிசம்பரில் அங்கே தீப்பிடித்தது. தப்பியவை அங்கே மாட்டப்படாத ஒரு சில.

விடவில்லை. 1872-இல் பம்பாய் ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்ஸ் தம் மாணவர்களோடு மறுபடியும் தொடங்கினார். பெரும்பாலும் நம் ஊர்ப் பையன்கள். கோடை விடுமுறை முடிந்ததும் நாம் பிள்ளைகளை ஹாஸ்டலுக்கு அனுப்புவது போல, வருஷா வருஷம் குகைக்குப் போனார்கள். பதின்மூன்று வருஷ உழைப்பில் சுமார் முந்நூறு படங்கள். லண்டனுக்கு அனுப்பினார்கள். 1885-இல் அங்கும் தீ. நிறையப் படங்கள் சாம்பலாயின. ஒரே ஊரில், ஒரே கட்டடத்தில் எல்லாவற்றையும் வைத்தால் இதுதான். வங்கியில் கம்ப்யூட்டர் வந்த புதிதில் பேக்கப் டேப்பை வேறு கிளைக்கு அனுப்பச் சொன்னபோது நாங்கள் முணுமுணுத்தோம். இப்போது புரிகிறது.

1909-க்குப் பிறகு ஹெரிங்ஹாம் அம்மையார் வந்தார். அவரோடு நந்தலால் போஸ், அசித் ஹால்தார், மைசூரைச் சேர்ந்த வெங்கடப்பா போன்ற இளைஞர்கள் சேர்ந்து வரைந்தார்கள். அந்தக் குகையில் கோடு பழகிய நந்தலால் போஸ்தான் பின்னாளில் நம் அரசியல் சாசனத்தின் கையெழுத்துப் பிரதிக்குச் சித்திரம் தீட்டினார்.

ஜப்பானிலிருந்து வந்த அராய் கம்போ என்ற ஓவியரும் 1917 வாக்கில் பிரதி எடுத்துக்கொண்டு போனார். 1923 டோக்கியோ பூகம்பத்தில் அவை அழிந்தன. அந்த மனிதர் சோர்ந்து போகவில்லை. 1940-இல் அவர்கள் நாட்டு ஹோர்யூஜி கோயிலின் பழைய சுவரோவியங்களைப் பிரதி எடுக்கும் குழுவிலும் சேர்ந்தார். வேலை முடியுமுன் காலமானார். 1949 ஜனவரியில் அந்தக் கோயிலிலேயே தீ. அசல் கருகிவிட்டது. பிறகு பிரதிகளையும் பழைய புகைப்படங்களையும் வைத்துத்தான் சுவருக்குப் புதுப் படங்கள் எழுதினார்கள். அசல் கெட்டபின் நகலைத் தேடி ஓடிய கதை இது. என் முப்பத்தைந்து வருஷத்துச் சட்டம் இங்கே தலைகீழ்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். அஜந்தாவில் பிரதி எடுக்க வசதியாக, நிறம் பளிச்சென்று தெரியட்டும் என்று சுவரின் மேல் வார்னிஷ் பூசினார்கள். அது நாளடைவில் மஞ்சளித்து அழுக்கைப் பிடித்துக்கொண்டது. 1920-இல் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலிய நிபுணர்கள் உரிந்த பூச்சை நன்றாக ஒட்டினார்கள். ஆனால் அவர்கள் பூசிய அரக்கும் பிறகு கறுத்தது. அதைச் சுத்தம் செய்வதே தொல்லியல் துறைக்குத் தனி வேலையாகிவிட்டது. அங்கே அடியில் இருப்பது பாறை மேல் அப்பிய மண்ணும் உமியும், அதன் மேல் மெல்லிய சுண்ணாம்பும்தான். தாங்குமா?

அதனால்தான் நம் தாமரை மாமா மேல் வார்னிஷ் அடித்து "காப்பாற்றலாம்" என்று கமிட்டியில் ஒரு நண்பர் சொன்னபோது குறுக்கே பேசினேன். கோபித்துக் கொண்டார். அவரிடம் இங்கேயே மன்னிப்புக் கேட்கிறேன், வார்னிஷ் மட்டும் வேண்டாம்.

நம் படம் அஜந்தா அல்ல, தெரியும். கண் கொஞ்சம் பெரிதாகிவிட்டது, தாமரை ரோஜா மாதிரி இருக்கிறது. ஆனால் நம் குழந்தைகள் இருபது வருஷமாக அதன் கீழ் நின்றுதான் பள்ளி வேனுக்குக் காத்திருக்கிறார்கள். கையால் வரைந்த போர்டுகள் போய் பிளெக்ஸ் வந்துவிட்டது. வரைந்தவரும் இப்போது எங்கே என்று தெரியவில்லை.

அந்தச் சுவரை மட்டும் கொட்டேஷனிலிருந்து எடுக்கக் காண்ட்ராக்டர் சம்மதித்திருக்கிறார், பில்லும் அந்த அளவுக்குக் குறையும். பொதுக்குழு ஒப்புதல் வேண்டும், கை தூக்குங்கள். சி பிளாக்கில் ஓவியம் படிக்கும் பெண் அதே அளவில் துணியில் பிரதி எடுக்கத் தயார் என்கிறாள். அது கிளப் ஹாலுக்கு. நல்ல புகைப்படங்கள் எடுத்து ஒரு செட் சங்க அலுவலகத்திலும் ஒரு செட் வேறொருவர் வீட்டிலும் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் சுவர் காய வேண்டும். இடது தோள் உரிவதற்குக் காரணம் மேல்வீட்டுக் குளியலறைக் குழாய்க் கசிவு. அவர்களிடம் பேசிவிட்டேன். பிளம்பர் வரும் தேதியை நோட்டீஸ் போர்டில் போடுகிறேன். அன்று காலை பத்திலிருந்து ஒரு மணி வரை பி பிளாக்கில் தண்ணீர் வராது, முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.