நட்டம் யார் தலையில்?



வங்கி முறிந்தால் 'பொருளாதாரப் புயல்' என்று எழுதுகிறார்கள். தண்டையார்பேட்டைக்காரர்களான நமக்குப் புயலைத் தெரியாதா? வருமுன்னே துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள், காசிமேட்டுப் படகுகள் கரைக்குத் திரும்பும். 1906 அக்டோபர் 22இல், சென்னையில் வங்கித் தொழில் நடத்திய ஆர்பத்நாட் கம்பெனி கதவைச் சாத்தியபோது எந்தக் கூண்டும் ஏறவில்லை. லண்டனில் இருந்த கூட்டாளி ஊக வியாபாரத்தில் பணத்தை விட்டார். இங்கே, கடற்கரைச் சாலையில், அதே கம்பெனி கடைசிவரை டெபாசிட் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது! ஓட்டை எங்கே என்று உள்ளே இருந்தவனுக்குத் தெரியும், காசு கட்டியவனுக்குத் தெரியாது. இதில் இயற்கை எங்கே வந்தது?

இங்கே கம்பெனியை நடத்திய சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது. நல்லது. ஆனால் அவரைச் சிறையில் அடைத்ததால் யாருடைய சேமிப்பும் திரும்பிவிடவில்லை. பணம் இழந்தவர்களுக்காக வாதாடிய வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார். கோபத்தை ஒரு நிறுவனமாக மாற்றிய மனிதர் அவர்.

அதோடு முடிந்ததா? 1935இல் ரிசர்வ் வங்கி வந்தது. மூன்றே ஆண்டில் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி விழுந்தது. 1960இல் பாலாய் சென்ட்ரல் வங்கி. அதன் பிறகுதான், 1962இல், டெபாசிட் காப்பீடு வந்தது; முதலில் 1,500 ரூபாய் வரை, இன்று 5 லட்சம் வரை. ஒவ்வொரு சட்டத்துக்கும் முன்னால் யாரோ ஒருவரின் சேமிப்பு செத்திருக்கிறது. ஆளுகை என்பது நட்டம் வரும்போது அதை யார் சுமப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான். எதையும் முடிவு செய்யாமல் விட்டால்? அதுவும் முடிவுதான். ஏழையின் தலையில் விழும், அவ்வளவே.

2008இல் அமெரிக்காவில் பெரிய வங்கிகள் ஆட்டம் கண்டன, அரசாங்கமே பணத்தோடு ஓடியது. உலக நெருக்கடி என்றார்கள். நம் மீன் விற்கும் அம்மா காலையில் தண்டல் வாங்கிக் கூடையை நிரப்பி, சாயங்காலம் வட்டியோடு கட்டுகிறாரே, அவர் ஒருநாள் முறிந்தால் அதற்கு என்ன பெயர்? பெயரே கிடையாது. கணக்கிலேயே வராத நட்டம் அது.

அந்த அம்மா போடும் ஏலச்சீட்டுக்கு டெபாசிட் காப்பீடு இல்லை. 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி சீட்டு நடத்துபவர் முன் அனுமதி வாங்கவேண்டும், பிணை கட்டவேண்டும். சட்டம் இருக்கிறது, தகவல்தான் தெருவுக்கு வருவதில்லை. எனவே இந்த மேடையிலிருந்து அரசுக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன்: அனுமதி பெற்ற சீட்டுகளின் பட்டியலை இந்த வட்டாரத்து ரேஷன் கடை ஒவ்வொன்றிலும், விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே, பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். மனு எழுதி வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.