வீட்டுப் பட்டறையில் விரைவு வண்டி

(பொம்மசந்திராவில் நடைபெற்ற தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்ச் சங்க மேடையில் மோட்டார் வண்டிக்கு என்ன வேலை என்று சிலர் வியக்கக்கூடும். கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் இங்கு வந்து குடியேறிய நம்மவர் பலர், பகலெல்லாம் பிறர் வரைந்து தந்த படத்திற்கு இரும்பைக் கடைகின்றனர். அவருள் சில இளைஞர், மாலையில் வீடு திரும்பியதும் பழைய மாருதி வண்டியொன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, அதற்கு டர்போ பொருத்தி விரைவு வண்டியாக்க முனைகின்றனர். பெற்றோர் அதனைப் பித்து என்கின்றனர். யாம் அப்படிச் சொல்லமாட்டோம். தனக்கென ஒரு பொருளைப் படைக்க விரும்பும் கை, வாழ்த்தத்தக்க கை. ஆயினும் அந்தக் கைக்கு வழி எது, வரம்பு எது என்று பேசாமல் இருப்பது பெரியவர்களாகிய நமக்கு அழகன்று.

டர்போ என்பது யாது? எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை, வீணே சைலன்சர் வழியாகப் போய்விடுகிறது. அப்புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்துவதே டர்போ. காற்று மிகுந்தால் அதற்கேற்ப எரிபொருளை மிகுதியாக எரிக்கலாம், ஆற்றலும் மிகும். சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூகி 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்கரான சான்ஃபோர்டு மாஸ், ஏறத்தாழ 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைமேல் விமான எஞ்சின் ஒன்றை ஏற்றிச் சென்று, காற்று மெலிந்த இடத்திலும் டர்போ ஆற்றலைக் காக்கும் என்று மெய்ப்பித்தார்.

அம்மலைச் செய்தி நமக்கும் உரியது. பெங்களூரு கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையில் உள்ளதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே டர்போ இல்லாத எஞ்சின், சென்னையில் தரும் ஆற்றலை இங்கே முழுமையாகத் தராது. மேட்டுநிலத்தில் வாழும் இளைஞனுக்கு டர்போவின்மேல் ஆசை பிறப்பதில் வியப்பில்லை.

ஆனால் காற்றை அழுத்தினால் அது சுடும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பைத் தொட்டுப் பார்த்தவர் இதனை அறிவர். முப்பது பாகை வெப்பமுள்ள காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால், டர்போவை விட்டு வெளிவரும்போது அது எண்பது பாகை அளவுக்கு ஏறிவிடும். அதனைக் குளிர்விக்காமல் உள்ளே விட்டால், பெட்ரோல் தன் முறைக்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனைத் தாக்கும். பட்டறையில் இதனையே 'நாக்கிங்' என்பர். அந்த ஓசை கேட்ட பின்னும் மிதித்தால், பிஸ்டன் உடையும். டர்போவின் அச்சோ நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்வது. நல்ல ஆயில் தடையின்றிப் பாயாவிடில் அது சில நொடிகளில் தேய்ந்து போகும்.

1962இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்னும் டர்போ வண்டியில், இந்த நாக்கிங்கைத் தடுக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளிக்கும் கலம் ஒன்றை வைத்தனர். வாங்கியவருள் பலர் அந்தக் கலத்தை நிரப்ப மறந்தனர். தொல்லை மிகவே, பல வண்டிகளிலிருந்து டர்போவையே கழற்றிவிட நேர்ந்தது. புதுமை தோற்கவில்லை, அதனைப் பேணும் ஒழுங்கு தோற்றது.

ஆகவே இளைஞர்களே, வீட்டில் வண்டி செய்வோன் முதலில் வாங்க வேண்டியவை அளவுக் கருவிகள். பெட்ரோல் ஒரு கிலோ முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். டர்போ அழுத்தும் வேளையில் 12 கிலோ அளவுக்கே காற்றுச் சேரும்படி எரிபொருளைக் கூட்டிக் கொடுப்பர். அந்த மிகுதி உள்வெப்பத்தைத் தணிக்கும். இதனைக் காதால் அறிய இயலாது. புகையை அளக்கும் உணர்கருவிதான் சொல்லும். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. செய்ததை நோட்டில் எழுதுக. அடுத்ததை நாளைக்கு வைத்துக்கொள்க. டியூனிங் என்பது இந்தப் பொறுமையே. மற்றொன்றும் கேளுங்கள்: வேகம் இருமடங்கானால், நிறுத்துவதற்கு பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே பிரேக், டயர், சட்டம் ஆகிய மூன்றும் முதலில், டர்போ கடைசியில்.

இம்முறையை வாழ்ந்து காட்டியவர் கோவை எஸ். கரிவரதன். பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்த அவர், சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஓட்டினார். ஓட்டியதோடு நில்லாமல் வண்டிகளைத் தாமே படைத்தார். 1980களின் பிற்பகுதியில், ஊரெங்கும் ஓடிய மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி ஒன்றை உருவாக்கினார். அதில் டர்போ இல்லை. எளிய எஞ்சின், இலேசான உடல், எல்லார்க்கும் ஒரே வகை வண்டி, வென்றது திறமை. அத்தகைய வண்டியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதனின் பெயரைக் கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தயக் களம் தாங்கி நிற்கிறது.

களம் என்றோம், அதுவே எம் இறுதிச் செய்தி. ஓசூர்ச் சாலை பந்தயக் களமன்று. இரவுப் பணி முடிந்து நடந்து வரும் தாயும், மிதிவண்டியில் வரும் தொழிலாளியும் நம்மவரே. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, செய்தவர் குறித்த அமைப்பை விருப்பம்போல் மாற்றிய வண்டியைச் சாலையில் விட இடம் தருவதில்லை. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதனை வலியுறுத்தியது. ஊரிலிருக்கும் பெற்றோர் எதிர்நோக்குவது மகனின் வருகையை. அவன் ஓட்டிய வேகத்தின் கணக்கை அன்று.

ரேவா என்னும் மின்சாரச் சிற்றுந்து இதே பொம்மசந்திராவில் உருவாகி, 2001இல் சாலைக்கு வந்தது. இம்மண்ணில் புதிய வண்டி பிறக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. ஆகவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: ஞாயிறுதோறும் நம் இளைஞர் கூடிப் பழக ஒரு சிறு பட்டறை அமைப்போம். பழைய எஞ்சின் ஒன்றும் அளவுக் கருவிகளும் வாங்குவோம். பணி ஓய்வு பெற்ற ஃபிட்டர்களையும் டர்னர்களையும் ஆசிரியராக அமர்த்துவோம். அங்கே செய்யும் வண்டி பந்தயக் களத்தில் மட்டும் ஓடட்டும்.

பிறர் வரைபடத்தைக் கடைந்த கைகள், தம் வரைபடத்தைத் தாமே வரையும் நாள் வரட்டும்.