வாளின்றி வருக!

 

மகளின் திருமணத்திற்கு நண்பரை அழைக்கச் செல்பவர் தலை நிமிர்ந்து செல்கிறார். மஞ்சள் தடவிய அழைப்பிதழைத் தட்டில் வைத்து நீட்டுவதில் அவருக்குக் கூச்சம் சிறிதும் இல்லை. அவரே அறநிதி திரட்டும் சேர்ந்திசை நிகழ்ச்சி ஒன்றிற்கு அதே நண்பரை அழைக்க நேர்ந்தால் வாயிலிலேயே தயங்கி நிற்கிறார். அழைப்பிதழோடு நுழைவுச்சீட்டும் கையில் இருப்பதே காரணம். பாட்டுக் கேட்க வாருங்கள் என்று சொல்வது, பணம் கொடுங்கள் என்று நண்பர் காதில் விழுந்துவிடுமோ என்னும் அச்சம் அவரை ஆட்டுகிறது. அவ்வச்சம் இயல்பானதே. ஆயினும், அதனைச் சற்றும் பொருட்படுத்தாமல் ஊரையே அழைத்த அழைப்பு ஒன்று இசை வரலாற்றில் உண்டு. அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில், 1742ஆம் ஆண்டு விடுக்கப்பட்டது அது.

ஜெர்மனியில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த இசைமேதை ஹாண்டல், 1741ஆம் ஆண்டின் இறுதியில் டப்ளின் வந்து சேர்ந்தார். அவர் கையில் புதிய இசைநூல் ஒன்று இருந்தது. 'மெசையா' என்பது அதன் பெயர். வேடமும் நடிப்பும் இன்றி, தனிப்பாடகரும் பாடற்குழுவினரும் பாட்டாலேயே ஒரு வரலாற்றை உரைக்கும் 'ஓரட்டோரியோ' என்னும் வகையைச் சார்ந்தது. கிறித்தவ மறைநூல் வாசகங்களுக்கு இருபத்து நான்கே நாள்களில் அவர் இசை அமைத்திருந்தார். அதனை முதன்முதலில் அரங்கேற்றுவதற்கு டப்ளினில் அமைந்த வாய்ப்பு, ஓர் அறநிதி நிகழ்ச்சியே ஆகும்.

நிதி யாருக்கு என்பது விளம்பரத்தின் முதல் வரியிலேயே இருந்தது. இசையமைப்பாளர் பெயர் அதற்குப் பின்னரே வந்தது. பல்வேறு சிறைகளில் அடைபட்டோரின் துயர் துடைக்கவும், மெர்சர் மருத்துவமனைக்கும், ஏழை நோயாளர்க்கான மற்றொரு தரும மருத்துவசாலைக்கும் உதவவும் நிகழ்ச்சி நடைபெறும் என்று செய்தித்தாளில் அறிவிக்கப்பட்டது. இம்மூன்றனுள் சிறைப்பட்டோர் நிலையே மிகக் கொடிது. அக்காலத்தில் கடனைத் திருப்பித் தர இயலாதவரைக் கடன் கொடுத்தவர் சிறையில் அடைக்கச் செய்யலாம். உள்ளே சென்றவர் உழைத்துப் பொருளீட்ட முடியாது. பொருளீட்டாமல் கடனைத் தீர்க்கவும் முடியாது. போதாக்குறைக்குச் சிறைக்காவலர் வாங்கும் கட்டணங்கள் வேறு கடனோடு சேரும். சிறு தொகைக்காக உள்ளே போனவர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்து மாண்டதும் உண்டு. களவோ கொலையோ செய்தவர் அல்லர் அவர். கையில் காசு இல்லாதவர், அவ்வளவே.

நுழைவுச்சீட்டின் விலை அரை கினி. அதாவது பத்து ஷில்லிங் ஆறு பென்னி. எளியோர்க்கு எட்டாத விலை அது. ஆகவே செல்வரையே அழைக்க வேண்டியிருந்தது. சீட்டு வாங்குவோர்க்கு ஒத்திகையையும் கட்டணமின்றிக் கேட்கும் உரிமை தரப்பட்டது. ஏப்ரல் 9ஆம் நாள் நடந்த ஒத்திகையைக் கேட்டுத் திரும்பியோர் வாயாலேயே நிகழ்ச்சியின் புகழ் நகரெங்கும் பரவியது. அழைப்பவர் ஆயிரம் சொல்லினும், கேட்டு வந்த நண்பர் ஒருவர் சொல்லும் சொல்லுக்கு உள்ள வலிமை அதற்கு வராது. அமைப்பாளர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர்.

எல்லாம் எளிதாகக் கைகூடிவிடவில்லை. பாடற்குழுவிற்கு நகரின் இரு பேராலயப் பாடகர்களே வேண்டும். அவற்றுள் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தின் தலைவர், 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட். ஆலயப் பாடகர்கள் ஃபிஷாம்பிள் தெருவின் பிடில்காரர் கூட்டத்திற்குப் போய்ப் பாடுவதா என்று அவர் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் சினந்து தடை விதித்தார். அப்போது அவர் முதுமையாலும் நோயாலும் நலிந்திருந்தார். இதே ஸ்விஃப்ட்தான் முன்னர் டப்ளினின் ஏழைத் தொழிலாளர்க்கு வட்டியின்றிச் சிறு கடன் கொடுத்துத் தூக்கிவிட்டவர். மனநோயாளர்க்கு மருத்துவமனை அமைக்கத் தம் செல்வத்தை எழுதி வைத்தவரும் அவரே. அறத்தில் ஆழ்ந்த பற்றுடையவர்க்கும் அறத்தின் புதிய வழி ஒன்று முதலில் உறுத்தக்கூடும் போலும். இறுதியில் தடை நீங்கியது. இரு பேராலயத்தாரும் பாடினர்.

அடுத்து எழுந்தது இடச்சிக்கல். ஃபிஷாம்பிள் தெருவின் இசையரங்கம் ஏறத்தாழ 600 பேர்க்கு உரியது. வர விரும்பியோர் அதனினும் மிகுதி. அக்காலச் சீமாட்டிகள் பாவாடைக்குள் பிரம்பு முதலியவற்றால் ஆன பெரிய வளையங்களை அணிந்தனர். பாவாடை இரு பக்கமும் அகன்று விரிந்து நிற்கும். ஒருவர் அமர்ந்தால் அடுத்தவர் இருக்கையும் போயிற்று. சீமான்களோ இடையில் வாள் தொங்க வருவர். அழகிற்கும் பெருமைக்கும் அடையாளமாக விளங்கிய பொருள்கள் இவை. அவையின்றி ஒருவர் பொது நிகழ்ச்சிக்கு வருவது, இன்று ஒரு குடும்பத்தார் நகையின்றித் திருமணத்திற்கு வருவது போன்றது.

அமைப்பாளர்கள் செய்தித்தாளில் ஒரு வேண்டுகோள் வெளியிட்டனர். பெண்கள் வளையப் பாவாடையின்றி வர வேண்டும், ஆடவர் வாளின்றி வர வேண்டும் என்பதே அது. அதற்கு அவர்கள் கூறிய காரணம் நினைக்கத் தக்கது. இன்னும் பலர் அமர இடம் கிடைக்கும், அதனால் அறநிதி பெருகும் என்றனர். உடையின் மீது குறை கூறவில்லை, செல்வரைப் பழிக்கவில்லை, வறியோரின் துயரை மிகைப்படுத்திக் கண்ணீரும் வரவழைக்கவில்லை. 'நீங்கள் சற்று ஒடுங்கி அமர்ந்தால் மற்றொருவர் அமரலாம்' என்பதை மட்டும் பணிவோடு சொன்னார்கள். வருவோரைப் பணம் தரும் கைகளாக அன்றி, அறத்தில் பங்கு கொள்ளும் நண்பர்களாக மதித்த அழைப்பு அது. பணத்தைப் பெறுவது எளிது. பெருமையைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்வதற்குத்தான் துணிவு வேண்டும்.

ஏப்ரல் 12ஆம் நாள் என அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சி, ஒரு நாள் தள்ளி 13ஆம் நாள் நண்பகலில் நடைபெற்றது. 700 பேர் வந்திருந்தனர். ஹாண்டலும், வயலின் கலைஞர் தூபூர்கும், பாடகியர் சிபரும் அவோலியோவும் ஊதியம் பெறாமல் பங்கேற்றனர். திரண்ட தொகை ஏறத்தாழ 400 பவுன். மூன்று அறங்களுக்கும் அது சமமாகப் பகிரப்பட்டது. கடன் சிறையிலிருந்து விடுதலை பெற்றோர் 142 பேர்.

இங்கே சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். சிறைப்பட்டோர்க்கு உரிய மூன்றில் ஒரு பங்கை 142 பேர்க்கு வகுத்தால், ஒருவர்க்கு ஒரு பவுனுக்கும் குறைவாகவே வருகிறது. இரண்டு நுழைவுச்சீட்டின் விலையோ ஒரு பவுனுக்குச் சற்று மேல். ஓர் இன்பமான நண்பகலுக்காக ஒருவரும் அவர் நண்பரும் செலவிட்டதைவிடக் குறைந்த தொகைக்காக ஒரு மனிதர் இருட்டறையில் கிடந்திருக்கிறார். வாளை வீட்டில் வைத்து வந்ததால் கிடைத்த அந்த நூறு இருக்கைகளின் விலை மட்டும் ஐம்பது பவுனைத் தாண்டும்.

வந்தவர்களில் எத்தனை பேர் இரக்கத்தால் வந்தனர், எத்தனை பேர் ஹாண்டலின் புதிய இசைக்காக வந்தனர் என்று சிலர் வினவலாம். பெரும்பாலோர் இசைக்காகவே வந்திருப்பர். அதனால் குறை என்ன? வந்தவர் நெஞ்சை விசாரித்த பிறகா சிறைக்கதவு திறக்கிறது? நண்பர்க்கு நல்லதொன்றைக் கேட்கத் தந்து, அதன் வழியாகவே அவரை ஓர் அறத்திற்கும் உரியவராக்குபவர் நட்பைப் பயன்படுத்திக் கொண்டவர் ஆகார்.

மிகுதியாக அழைத்துவிடும் இடரும் உண்டு. இலண்டனில் தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவரின் நெடுநாள் முயற்சியால், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று 1739இல் அரச ஒப்புதல் பெற்றது. அவ்வில்லத்தின் ஆலயத்தில் 1750 மே முதல் நாள், ஹாண்டல் அதே 'மெசையா'வை நிகழ்த்தினார். இடத்திற்கு ஏற்பவே சீட்டுகள் அச்சிடப்பட்டிருந்தன. ஆனால் சீட்டில்லாத பெருமக்கள் பலர் வாயிலில் வந்து நெருக்கிப் பணம் செலுத்தி உள்ளே புகுந்தனர். சீட்டு வாங்கியிருந்த சிலர் இடமின்றித் திரும்ப நேர்ந்தது. அழைத்த விருந்தினரைப் பட்டினியாக அனுப்பியது போன்ற நிலை. இல்லத்தார் காலம் தாழ்த்தவில்லை. அதே மாதம் 15ஆம் நாள் மறுபடியும் நிகழ்ச்சி நடைபெறும், முன்னர் உள்ளே வர இயலாதோர் அதே சீட்டோடு வரலாம் என்று அறிவித்தனர். ஹாண்டலும் இசைந்தார்.

அதன்பின் ஆண்டுதோறும் அங்கே 'மெசையா' ஒலித்தது. அதனால் இல்லத்திற்குக் கிடைத்த நிதி பல ஆயிரம் பவுன். ஹாண்டல் 1759 ஏப்ரல் 14ஆம் நாள் மறைந்தார். தமக்குப் பின்னும் இல்லத்தார் நண்பர்களை அழைத்து இசைக்கச் செய்ய வேண்டும் என்று கருதிப் போலும், அந்நூலின் நற்படி ஒன்றையும், ஒவ்வொரு பாடகர்க்கும் இசைக்கலைஞர்க்கும் உரிய தனித்தனி ஏடுகள் அனைத்தையும் அவ்வில்லத்திற்கே உயிலில் எழுதி வைத்திருந்தார். அப்படியை இலண்டனில் அவ்வில்லத்தின் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.