ட்ரையல் பால்

காலையிலிருந்து கறுப்பு அங்கிக்குள் வெந்துகொண்டிருக்கும் பட்டதாரிகளே, அவர்களைவிட அதிகமாக வெந்துகொண்டிருக்கும் பெற்றோர்களே, ஹிந்தி, ஆங்கிலம், தமிழ் எதில் வேண்டுமானாலும் பேசலாம் என்றார் உங்கள் கல்லூரி முதல்வர். நான் இங்கே அந்தமானில், மின்னி பேயில் வளர்ந்தவன். மூன்றிலும் சண்டை போடுவேன். மனசு விட்டுப் பேச மட்டும் தமிழ்தான் வரும்.

புள்ளிவிவரத் துறையில் 28 வருஷம் குப்பை கொட்டியவனைக் கூப்பிட்டால் எண்ணைப் பற்றித்தானே பேசுவான்? பயப்படாதீர்கள், இன்று ஆறே எண்கள்தான்: 0, 0, 0, 1, 0, 0.

இலங்கையின் மர்வன் அட்டப்பட்டு டெஸ்ட் கிரிக்கெட்டில் முதல் ஆறு இன்னிங்ஸில் எடுத்த ரன்கள் இவை. 1990 நவம்பரில், 20 வயது நிறைந்த கையோடு, சண்டிகரில் இந்தியாவுக்கு எதிராக இறங்கினார். வெங்கடபதி ராஜு 12 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்த ஆட்டம் அது. இலங்கை 82 ரன்னுக்குச் சுருண்டது. இவருக்கு இரண்டு முட்டை. 1992 ஆகஸ்டில் கொழும்பில் ஆஸ்திரேலியாவுடன் மறுபடி வாய்ப்பு. அணி 547 ரன் குவித்தது. மூன்று பேர் சதம், அதில் களுவிதாரண அன்றுதான் முதல் டெஸ்ட் ஆடுகிறார். அந்தக் கல்யாணப் பந்தியில் இவர் இலையில் மட்டும் பூஜ்யம். இரண்டாவது இன்னிங்ஸில் 1. இலங்கை 16 ரன்னில் தோற்றது.

அதே 1992-ல்தான் நான் நான்கவுரி கப்பலில் மூன்று நாள் வாந்தி எடுத்துக்கொண்டே சென்னைக்குப் படிக்கப் போனேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். 1994 பிப்ரவரியில் இலங்கையுடன் அகமதாபாத் டெஸ்ட் நடந்தபோது என் கணக்கில் மூன்று அரியர். விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் டிவி. கபில்தேவ் 432-வது விக்கெட்டை எடுத்து ஹாட்லியின் சாதனையைத் தாண்டியதும் தட்டு, டம்ளர் எல்லாம் பறந்தன. எனக்கு ஸ்கோர் எழுதும் பைத்தியம் உண்டு. நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அட்டப்பட்டு பெயருக்கு நேரே மறுபடியும் இரண்டு முட்டை. ரசம் சிந்திய அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இவனுக்கும் அரியர்தான் என்று நினைத்துக்கொண்டேன். என்னவோ, கொஞ்சம் தெம்பாக இருந்தது.

மிச்சக் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். 1997-ல் திரும்ப வந்தார். அந்த நவம்பரில் இந்தியாவுக்கு எதிராக, பழைய சண்டிகரின் பக்கத்திலேயே மொஹாலியில், 108. ஓய்வு பெறும்போது 90 டெஸ்ட், 5502 ரன், 16 சதம், அதில் ஆறு இரட்டைச் சதம். வாட்ஸ்அப்பில் இதைப் போட்டு, மனம் தளராதே தம்பி என்று முடிப்பார்கள். எனக்கு அந்த முடிவில் ஒரு மனக்குறை. 1992-லும் 1994-லும் 1997-லும் யாரோ சிலர் ஓர் அறையில் உட்கார்ந்து, இந்தப் பெயரை மறுபடி எழுதியிருக்கிறார்களே, அவர்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆறு இன்னிங்ஸ் எங்கள் தொழிலில் மிகச் சின்ன மாதிரி. ஆறு நாள் மழையை அளந்துவிட்டு இந்தத் தீவுக்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்று எழுதினால் என் மேலதிகாரி கோப்பைத் தூக்கி எறிந்திருப்பார். மனுஷனை மட்டும் இரண்டே நாளில் அளந்துவிடுகிறோம்.

அமெரிக்க பேஸ்பாலில் வில்லி மேஸ் என்று ஒருவர். 1951 மே மாதம், அவருக்கும் 20 வயது. நியூயார்க் ஜெயன்ட்ஸ் அணிக்கு வந்து முதல் 12 வாய்ப்பிலும் ஒரு பந்துகூடச் சரியாகப் படவில்லை. பதின்மூன்றாவதில் ஹோம் ரன், அதன் பிறகு மறுபடி வறட்சி. என்னைச் சின்ன அணிக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று அழுதிருக்கிறார். மேலாளர் லியோ டுரோஷர் அசையவில்லை. நான் இங்கே இருக்கும்வரை நீதான் ஆடுவாய் என்று சொல்லிவிட்டார். 660 ஹோம் ரன் அந்தக் கையிலிருந்துதான் வந்தது. நம் சாய் சுதர்சனையே பாருங்கள். 2025 ஜூனில் லீட்ஸில் முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸ் பூஜ்யம். அடுத்த இரண்டு டெஸ்டுக்கு வெளியே. மான்செஸ்டரில் திரும்பக் கூப்பிட்டார்கள், 61 அடித்தார்.

மின்னி பேயில் நாங்கள் ஆடும்போது ஒரு சட்டம் உண்டு. புதிதாக வருகிறவனுக்கு முதல் பந்து ட்ரையல் பால். ஸ்டம்ப் பறந்தாலும் அவுட் கிடையாது. சரிவான இடம், பந்து எந்தப் பக்கம் எழும்பும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எட்டு வயதில் எங்களுக்கு இருந்த இந்தப் புத்தி, நாற்காலியில் உட்கார்ந்ததும் எங்கே போயிற்றோ.

நீங்களும் உட்காரத்தான் போகிறீர்கள். நாலைந்து வருஷத்தில் உங்களுக்குக் கீழே ஒருவர் பயந்துகொண்டே வந்து நிற்பார். அதனால் என் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அதிகாரியான புதிதில் ஓர் இளைஞர் உதவியாளராக வந்தார். முதல் மாதமே மூன்று அட்டவணையில் கூட்டல் தப்பு. நான் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. தபால் பதிவுக்கு மாற்றி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். பத்து வருஷத்துக்கு மேல் அங்கேயே உறைக்குப் பசை ஒட்டிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் தற்செயலாக அவருடைய பதிவேட்டைப் புரட்டினேன். ஆயிரக்கணக்கான வரிகள், ஓர் அடித்தல்கூட இல்லை.

போன மாதம் அபர்டீன் பஜாரில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது. ‘சார்’ என்று பெஞ்சிலிருந்து எழுந்து எனக்கு இடம் விட்டார். டீக்குக் காசையும் அவர்தான் கொடுத்தார்.