சயாம் ரயில்: யாருடைய போர், யாருடைய உயிர்?



1937 முதல் சீனாவில் சிக்கித் தவித்த ஜப்பான் அதில் எதையும் கற்கவில்லை. 1941 டிசம்பரில் மலாயாவுக்குள் புகுந்தது, அடுத்து பர்மா. கடல்வழி ஆபத்தானதும், பிரிட்டிஷார் முன்பே ஆராய்ந்து, ஆகாது என்று கைவிட்ட காட்டில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடக் கிளம்பியது. தண்டவாளம் தூக்கியது யார்? நம் பால்மரத் தோட்டத்துத் தமிழர்களும்தான்! காலராவும் பட்டினியும் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோயின. 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. 1944-இல் இம்பாலுக்குப் போன படையோ மழையிலும் பசியிலும் சிதைந்தது.

காஞ்சனபுரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர் பெயர் எந்த ஏட்டில்? சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தா உங்கள் வீட்டில் இருந்தால், பெயரையும் தோட்டத்தையும் எழுதி, வாசலில் நிற்கும் தம்பிகளிடம் இன்றே கொடுங்கள்.