விடுமுறைக் காலமும் குடும்ப வாழ்வும்: ஹைதராபாத் தரும் பாடம்

(உரையின் எழுத்து வடிவம்)

ஒரு நாட்டின் வளர்ச்சியை அளக்க முற்படுவோர் உற்பத்தியையும் வருவாயையும் கணக்கிடுகின்றனர். வேலை நாட்கள் அக்கணக்கில் இடம் பெறுகின்றன. ஓய்வு நாட்கள் இடம் பெறுவதில்லை. ஆயினும், மக்கள் எதற்காக உழைக்கின்றனர் என்ற கேள்விக்கு ஓய்வு நாளில்தான் விடை கிடைக்கிறது. உழைப்பின் பயனைக் குடும்பம் முழுவதும் ஒன்றுகூடித் துய்க்கும் நாள் அது. அந்த நாள் யாருக்கு ஓய்வைத் தருகிறது, யார்மீது சுமையை ஏற்றுகிறது என்பது பொருளாதாரம் பயிலும் மாணவரும் நிர்வாகத்தில் உள்ளோரும் ஆராய வேண்டிய பொருளாகும். இதற்கு ஹைதராபாத் நகரம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

இரு விழாப் பருவங்கள்

ஹைதராபாத்தில் விழாக்கள் பல. எனினும் பள்ளிகளும் அலுவலகங்களும் ஒருசேர ஓய்வு பெறும் பருவங்களில் இரண்டைச் சிறப்பாகக் குறிப்பிடலாம். ஒன்று தசரா. அதை ஒட்டி ஒன்பது நாட்கள் பதுகம்மா விழா நடைபெறுகிறது. தெலுங்கில் தங்கேடு எனப்படும் ஆவாரம்பூவும் குனுகுப் பூவும் அடுக்கடுக்காக வைக்கப்பட்டுக் கோபுரம் போல் எழுப்பப்படுகின்றன. அதைச் சுற்றிப் பெண்கள் கைதட்டிப் பாடி வருகின்றனர். இறுதியில் ஏரி, குளங்களில் பூக்களை விடுகின்றனர். 2014இல் தனி மாநிலமாக உருவான தெலங்கானா இதனை மாநில விழாவாக அறிவித்தது.

மற்றொன்று ஜனவரியில் வரும் சங்கராந்தி. பிழைப்புக்காக நகரில் குடியேறியவர்கள், குறிப்பாகக் கடலோர ஆந்திர மாவட்டத்தார், இலட்சக்கணக்கில் ஊர் திரும்புகின்றனர். தென்மத்திய ரயில்வே சிறப்பு ரயில்களை இயக்குகிறது. விஜயவாடா நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெடுந்தொலைவு வரிசையில் நிற்கின்றன. ஊருக்குச் செல்லாதவர்களுக்கு நகரின் நடுவிலேயே ஒரு கூடுமிடம் உண்டு. அதுவே நாம்பள்ளியில் ஜனவரி முதல் நாளன்று தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை மாதம் நடைபெறும் அகில இந்தியத் தொழிற் கண்காட்சி. மக்கள் வழக்கில் அது ‘நுமாயிஷ்’. கண்காட்சி என்பதே இந்த உருதுச் சொல்லின் பொருள்.

நேரம் என்னும் பற்றாக்குறைப் பொருள்

கணவனும் மனைவியும் பணிக்குச் செல்லும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் மாதாப்பூரில் கணினி நிறுவனத்தில் இரவுப் பணி பார்க்கிறார். மற்றவர் காலையில் பள்ளிக்கு ஆசிரியப் பணிக்குச் செல்கிறார். பிள்ளைகளுக்குத் தேர்வும் தனிப்பயிற்சியும் உண்டு. வீட்டில் வயது முதிர்ந்த தாயார் இருக்கிறார். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் உணவருந்துவது வாரத்தில் ஒரு நாள் வாய்த்தாலே பெரிது. இக்குடும்பத்திற்குப் பணத்தைவிட நேரமே பற்றாக்குறையாக உள்ளது.

விடுமுறை அந்தப் பற்றாக்குறையை நீக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடைமுறையில் பலகாரம் செய்தல், வீடு துடைத்தல், விருந்தினரை உபசரித்தல் என வேலை பெருகுகிறது. அவ்வேலை பெரும்பாலும் ஒருவர் தோளிலேயே விழுகிறது. தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2024ஆம் ஆண்டு ஆய்வில் இவை முறையே 289, 88 நிமிடங்கள். ஐந்து ஆண்டுகளில் பெண்களின் சுமை பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களின் பங்கும் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. இடைவெளி மட்டும் அப்படியே நின்றது.

வீட்டுப் பணிப்பெண்ணை அவ்வீட்டுத் தலைவர் மணந்துகொண்டால் நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்று ஆங்கிலப் பொருளியலறிஞர் பிகு சுட்டிக்காட்டியது மாணவர்கள் அறிந்ததே. வேலை மாறவில்லை; கூலி நின்றதால் கணக்கிலிருந்து மறைந்தது. விழா நாளில் அடுப்படியில் நிற்கும் தாயின் உழைப்பும் அவ்வாறே மறைகிறது. குடும்பம் கூடியிருக்கிறது என்று சொல்லும்போது, அக்கூட்டத்தில் அவளும் அமர்ந்திருக்கிறாளா என்று கேட்பது பொருத்தம்.

பட்டதாரிகள் தொடங்கிய கண்காட்சி

இப்பின்னணியில் நுமாயிஷின் வரலாறு கவனத்திற்குரியது. 1938இல் உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரிகள் சங்கத்தின் பொருளாதாரக் குழு இதனைத் தொடங்கிற்று. உள்நாட்டுப் பொருள்களை மக்களுக்கு அறிமுகப்படுத்துவதே நோக்கம். தொடக்க முதலீடு இரண்டரை ரூபாய் என்று கூறப்படுகிறது. பொதுப் பூங்காவில் பத்து நாட்கள் நடந்த அக்கண்காட்சி, 1946இல் இப்போதைய திடலுக்கு மாறியது. அரசியல் கொந்தளிப்பால் இடையில் தடைப்பட்டு, ஹைதராபாத் இந்திய ஒன்றியத்துடன் இணைந்த பின்னர் 1949இல் மீண்டும் நடந்தது. அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி அதனைத் தொடங்கி வைத்தார். அகில இந்தியப் பெயரும் அதன் பின்னரே அமைந்தது.

இன்று காஷ்மீரத்தின் சால்வையும் உலர்பழமும், லக்னோவின் சிக்கன் பூவேலைத் துணியும், பல மாநிலக் கைத்தறியும் அங்கு விற்பனைக்கு வருகின்றன. பெரிய விலை கொடுக்க இயலாத குடும்பமும் நுழைவுச் சீட்டு வாங்கி மாலை முழுவதும் உலாவ முடிகிறது. பிள்ளைகள் சிறு ரயிலில் ஏறுகின்றனர். முதியோர் அமர்ந்து வேடிக்கை பார்க்கின்றனர். மிளகாய் பஜ்ஜியைப் பகிர்ந்துண்பதோடு அன்றைய இரவு உணவு பாதி முடிந்துவிடுகிறது. அன்று வீட்டில் அடுப்புக்கு ஓய்வு. எனவே இல்லத்தரசிக்கும் ஓய்வு. பெண்களுக்கென ஒரு நாளை ஒதுக்குவதும் அங்குள்ள மரபு. மெட்ரோ ரயிலின் காந்தி பவன் நிலையம் திடலுக்கு அருகில் உள்ளது. 2023 டிசம்பரில் தெலங்கானா அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது, எளிய குடும்பத்துப் பெண்கள் வெளியே வருவதற்கு மேலும் துணையாயிற்று.

கண்காட்சியின் வருவாய் செல்லும் வழியே அதன் தனிச்சிறப்பு. அதை நடத்தும் கண்காட்சிச் சங்கம் பல கல்வி நிறுவனங்களைப் பேணி வருகிறது. கமலா நேரு மகளிர் பாலிடெக்னிக்கும் சரோஜினி நாயுடு வனிதா மகா வித்யாலயாவும் கண்காட்சித் திடலிலேயே அமைந்துள்ளன. ஒரு குடும்பம் பொழுதுபோக்கிற்குச் செலவிடும் சிறு தொகை, வேறொரு குடும்பத்துப் பெண்ணின் படிப்புக்கு உதவுகிறது. நுகர்வு முதலீடாக மாறும் இந்த ஏற்பாட்டை மற்ற நகரங்களும் ஆராயலாம்.

மறுபக்கம்

ஒரு குடும்பத்தின் விடுமுறை மற்றொரு குடும்பத்தின் வேலை நாள் என்பதையும் மறக்கலாகாது. காஷ்மீரத்திலிருந்து வரும் வணிகர், தம் மனைவி மக்களைப் பனிக்காலத்தில் ஊரில் விட்டுவிட்டு இங்கே கடை விரிக்கிறார். 2019 ஜனவரி 30ஆம் நாள் இரவு ஏற்பட்ட தீ விபத்தில் கடைகள் பல எரிந்தன. உயிரிழப்பு நேரவில்லை எனினும், பலருடைய ஓராண்டு முதல் சில மணி நேரத்தில் சாம்பலாயிற்று. பெருந்தொற்றால் 2021இல் கண்காட்சியே நடைபெறவில்லை. மக்கள் திரளும் இடங்களில் தீயணைப்பு வசதியும், சிறு வணிகருக்குக் காப்பீடும் இன்றியமையாதவை என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

ஓய்வு சட்டத்தால் வந்தது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளிக்கு வார விடுமுறையை உறுதி செய்தது. 1985இல் மத்திய அரசு அலுவலகங்களில் ஐந்து நாள் வேலை வாரம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும், உணவுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞருக்கும் விடுமுறை என்றால் அன்றைய கூலி இல்லை என்றே பொருள். அவர்களும் குடும்பத்தினரே.

செய்யக்கூடியவை

பெருந்திட்டம் எதுவுமின்றியே சில செயல்களைத் தொடங்கலாம். முதலாவதாக, விழா வேலையை வீட்டிலுள்ள அனைவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். மகன் பாத்திரம் துலக்கினால் தாய்க்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும். இரண்டாவதாக, வீட்டுப் பணியாளருக்குச் சம்பளத்துடன் கூடிய விழா விடுமுறையை ஒவ்வொரு குடும்பமும் தானே முன்வந்து அளிக்கலாம். மூன்றாவதாக, கடன் வாங்கிக் கொண்டாடும் வழக்கத்தைத் தவிர்த்து, மாதந்தோறும் சிறு தொகையை விழாவிற்கென ஒதுக்கலாம். நகராட்சிகள் தம் பங்கிற்குப் பூங்கா, ஏரிக்கரை, பொதுத்திடல் ஆகியவற்றைக் காத்து, கழிப்பறையும் இரவுப் பேருந்தும் அமைத்துத் தர வேண்டும். இவ்வசதிகள் இன்றிப் பெண்களும் முதியோரும் வெளியே வர இயலாது.

இரண்டரை ரூபாயில் பட்டதாரிகள் தொடங்கிய முயற்சி எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருப்பதற்குக் காரணம், எல்லா வகுப்பாரும் குடும்பத்தோடு நுழையக்கூடிய இடமாக அது அமைந்ததே. அத்தகைய இடங்களை உருவாக்குவது அரசின் கடமை. அங்கே செல்வதற்கான ஓய்வை வீட்டின் ஒவ்வோர் உறுப்பினருக்கும் சமமாகப் பகிர்ந்தளிப்பது குடும்பத்தின் கடமை. இவ்விரண்டும் சேரும்போதுதான் நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் உள்ள நாள் வீட்டில் அனைவருக்கும் விடுமுறையாகும்.